துணைக்கு வந்த கைத்தடி

புதன்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, விராலிமலையில் பஸ் நின்ற இடத்தில், எனக்குத் துணையாக வந்த கொழுந்தனார் காணாமல் போனார்.

நேரம் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் அவரேதான். இறங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணேகால் ஆச்சு அண்ணி. கரி போட்டு முடிக்க இன்னும் அரை மணியாவது ஆகும். பேப்பர் வந்திருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். நடராஜனுக்கு யுத்தச் செய்தி படிக்காவிட்டால் சோறு இறங்காது.

என் மகள் வசந்தா, குடுமியான்மலைக் குன்று கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிராமத்தில் பெண்கள் பள்ளி உபாத்தியாயினி. அங்கிருந்து தந்தி வந்திருந்தது: "வசந்தாவுக்குக் கடும் ஜுரம். ஆண்கள் யாராவது உடனே வரவும்." என் கணவருக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. யுத்த காலம், பெண்ணுக்கு ஜுரம் என்பதற்கெல்லாம் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கிளம்புகிறேன் என்றேன். தனியாகவா என்று வீடே ஒரே குரலில் கேட்டது. புதுக்கோட்டை சமஸ்தானம் என்றால் சென்னைக்காரர்களுக்கு அயல் தேசம்தான். வேறு ராஜா, வேறு காசு. ஆகவே இன்னும் கல்யாணமாகாத என் கொழுந்தனாரைத் துணைக்குப் போட்டார்கள். பணப்பை அவரிடம், பெட்டி அவரிடம், பள்ளிக்கூட விலாசமும் அவர் சட்டைப் பையில். என்னிடம் இருந்தது ஒரு துணிப்பையும், அதில் சாத்துக்குடிப் பழங்களும், பார்லியும், ஒரு குளுகோஸ் டப்பாவும்.

பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய அந்த பஸ்ஸில் பெண்களுக்கு டிரைவருக்குப் பின்னால் ஒரே ஒரு பலகை. அதற்கும் ஆண்களின் இடத்துக்கும் நடுவே ஒரு சாக்குத் திரை. திருச்சியிலிருந்து நாங்கள் யாரும் இறங்கவில்லை. ஆண்களுக்கு வழியெல்லாம் மரம் இருக்கிறது, குட்டிச்சுவர் இருக்கிறது. பெண்கள் இறங்கினால் எங்கே போவது? அதனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். கரி போட்டு, பின்னால் ஒருவன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஊதி, பஸ் ஒருவழியாக உறுமியதும் கண்டக்டர் கேட்டார், "ஆம்பளைக எல்லாம் ஏறியாச்சா?" திரைக்குப் பின்னாலிருந்து யாரோ, "ஏறியாச்சு, ஏறியாச்சு" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரையை விலக்கி ஆண்கள் பக்கம் எட்டிப் பார்ப்பது நன்றாக இருக்குமா?

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கருப்பாயி. முப்பத்தைந்து வயது இருக்கும். வசந்தாவின் ஊர்தான் அவளுக்கும் என்று தெரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டீச்சரம்மாவுக்கா காச்சலு? நான் ஊரைவிட்டுக் கெளம்பி எட்டு நாளாச்சுக்கா. அப்பவே ஒரு வாரமா லேசாத் தலைவலின்னு சொல்லுச்சு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து நிலக்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, "தின்னுங்க. வெறும் வயித்துல கவலைப்பட்டா அது பெருசாத்தான் தெரியும்" என்றாள்.

கடலை சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு படம். காக்கிச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக நின்று சலாம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக யாருக்கா?"

"பட்டாளத்து ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள்."

"சம்பளம் உண்டா?"

"உண்டு."

"அதை யாரு வாங்குவா?"

"அவர்களேதான்."

"கையிலயா குடுப்பாக?"

"கையில்தான்."

கருப்பாயி கடலையை முந்தானையில் கொட்டிக்கொண்டு, காகிதத்தைத் தட்டி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இலுப்பூர் தாண்டி ஒரு மேடு. பஸ் பாதி ஏறி மூச்சுவிட்டு நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். கருப்பாயி வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளைச் சட்டை, கண்ணாடி போட்டவருதானே ஒங்க கூட வந்தவரு? அவரைக் காணமே."

நான் இறங்கிப் பார்த்தேன். தள்ளிக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் கரி அப்பி ஒன்றுபோல் இருந்தன. கண்ணாடி போட்ட முகம் ஒன்றுகூட இல்லை.

கண்டக்டர் நல்ல மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தனிப் பொம்பளையா ஆயிட்டீங்களேம்மா. இப்ப என்ன செய்றது? இலுப்பூருக்கே திரும்பிப் போயிருங்க. போலீஸ் ஸ்டேசன்ல ஒக்காந்திருங்க. அவரு எப்படியும் வந்திருவாரு."

"என் பெண் ஜுரத்தில் கிடக்கிறாள்."

"அதுவும் சரிதான். ஆனா தனியா எப்படிம்மா?"

கருப்பாயி அதற்குள் பஸ்ஸின் பின்புறம் போய்க் கை வைத்துவிட்டாள். "மொதல்ல வண்டி நகரட்டும். பேச்சை மேட்டுக்கு மேல வச்சுக்குவோம்." நானும் போய்க் கை வைத்தேன். டிரைவர் பதறினார். "அம்மா, நீங்க தள்ளுனா பஸ்ஸுக்கு மருவாதை இல்லைம்மா."

"நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் இருக்குதாக்கும்" என்றாள் கருப்பாயி. பஸ் ஏறிவிட்டது.

அன்னவாசலோடு பஸ் படுத்துவிட்டது. அன்றிரவு கருப்பாயியின் நாத்தனார் வீட்டில் தங்கினோம். அந்த வீட்டு ஆண்கள் கொழும்பில் கடை வேலையில் இருந்தார்கள். வரகுச் சோறும், கருவாட்டுக் குழம்பும், சுட்ட கத்தரிக்காயும். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பு நாக்கைச் சுட்டது. யாருக்கும் பரிமாறிக் காத்திராமல், கொதிக்கக் கொதிக்கக் குழம்பு சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தைய காலம்தான் நினைவுக்கு வந்தது. ருசித்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. வசந்தா என்ன சாப்பிட்டாளோ?

வியாழன் விடிந்ததும் நடந்தே போனோம். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள் என்று கருப்பாயி சொன்னாள். காப்புக் கட்டும்போது ஊரில் இருந்த ஊர்க்காரர்கள், திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது. அவள் திருச்சியில் இருந்ததால் அவளுக்கு அந்தக் கட்டு இல்லை.

பள்ளிக்குப் பின்னால் இருந்த அறையில் வசந்தா படுத்திருந்தாள். தலைமாட்டில் இரண்டு பெண்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. தரை மெழுகி, துணி துவைத்து, கஞ்சி வடித்து, ஒரு குறையும் வைக்கவில்லை. வசந்தா என்னைப் பார்த்தாள். ஆனால் அடையாளம் தெரியவில்லை. "வரிசையா நில்லுங்க" என்றாள். "சிலேட்டைக் காட்டு" என்றாள். வயிறு உப்பியிருந்தது. விரல்கள் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தன.

அந்த விரல்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் தங்கை இப்படித்தான் நூல் பிய்த்தாள், போவதற்கு முன்னால்.

ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வந்தார். அறுபது வயது, பெரிய மீசை, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"வாங்க ஆத்தா. எங்கிட்டு ஒங்க ஆம்பளைக?"

"விராலிமலையில் தங்கிவிட்டார்."

"சரி, வரட்டும். கம்பவுண்டரு பாத்துட்டு, புதுக்கோட்டை பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போங்கன்னு நாலு நாளைக்கு முந்தியே சொல்லிட்டாரு. ஊருல எந்த ஆம்பளையும் எல்லை தாண்டித் தங்க முடியாது, காப்புக் கட்டியிருக்கு. அதுவும் வயசுப்புள்ள, அடுத்தவுக வீட்டுப் பொண்ணு. ஆம்பளை இல்லாம வண்டியில ஏத்திவிட்டு, ஒன்னுகெடக்க ஒன்னு ஆயிருச்சுன்னா ஒங்க வீட்டுக்காரருக்கு நான் என்ன பதிலு சொல்றது? அதான் தந்தியில தெளிவா எழுதச் சொன்னேன்."

நாலு நாள். என் பெண் இந்த அறையில் எரிந்துகொண்டிருந்தது ஓர் ஆண் வருவதற்காக. அந்த ஆணோ பேப்பர் படிக்கப் போயிருக்கிறார். கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரியவர் பேசும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் பேத்தி வசந்தாவிடம் படிக்கிறாளாம். எனக்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு மோர் கொடுத்தார்கள். "அவுக வந்திருவாக ஆத்தா" என்றார்கள். பதினொரு மணிக்கு இளநீர். அதே வார்த்தை. அந்தச் சாலையை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதர் சங்கத்தில் மாதந்தோறும் பெண் விடுதலை பேசுகிறவள்தான் நான். வெள்ளைச் சட்டை ஏதாவது வருகிறதா என்று கண் தேடிக்கொண்டே இருந்தது.

பிறகு வசந்தாவுக்குத் துணி மாற்றினார்கள். துணியில் இரத்தம் இருந்தது.

நான் கருப்பாயியைக் கூப்பிட்டு, "உன்னிடம் வண்டி இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கு. மாடும் இருக்கு. சொல்லுங்க, பூட்டுறேன்."

"பூட்டு."

அம்பலக்காரர் திகைத்துப் போனார். "ஆத்தா, ஒங்க ஆளு வந்து கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"அவளுடைய அம்மா கூட்டிப் போனாள் என்று சொல்லுங்கள்."

"அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு கேக்குறேன்."

"இப்போது சொன்னீர்களே, அப்படியே."

கருப்பாயி வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கும் சேலையும் விரித்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். பெண்கள் வசந்தாவைப் பாயோடு தூக்கிவைத்தார்கள். ஊர் கூடிவிட்டது. அம்பலக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நுகத்தடியைப் பார்த்தார், கடையாணியைப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. கடைசியில் தன் கையிலிருந்த வெள்ளிப் பூண் போட்ட தடியை வண்டிக்குள் நீட்டினார்.

"இதை வச்சுக்கங்க ஆத்தா. பெரிய வீடுகள்ல மாப்பிள்ளை வர முடியலைன்னா கத்தியை அனுப்பித் தாலி கட்டுறது இல்லையா? அதுமாதிரி. இது வந்தா நான் வந்த மாதிரி."

கூட்டத்தில் ஒருவர், "மாமா, காப்புக் கட்டுன கையில இருந்த தடி. அது மட்டும் எல்லை தாண்டலாமாக்கும்?" என்றார்.

"கையிலதான் கட்டுனேன். தடிக்குக் கட்டலை" என்றார் அம்பலக்காரர்.

வெயில் செம்மண்ணிலிருந்து மேலே எழும்பி அடித்தது. பங்குனி மாதம், கண்மாய்கள் எல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தன. தடியை வண்டிக் கூண்டின் குறுக்கே செருகி, அதில் ஈரத்துணியைத் தொங்கவிட்டோம். வசந்தாவின் முகத்துக்கு நிழலும் குளிர்ச்சியும் கிடைத்தது. துணி காயக் காய நான் நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். குளுகோஸ் தண்ணீரைத் துளித் துளியாக வாயில் விட்டேன். கருப்பாயி பள்ளம் வரும் இடமெல்லாம் இறங்கி, மாட்டைப் பிடித்து, தொட்டிலை நகர்த்துவதுபோல் நடத்தினாள்.

நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் முன்னால் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"திருச்சியில ஒரு டாக்கி பாத்தேங்க்கா. புருசன் சண்டைக்குப் போயிட்டான். பன்னெண்டு வருசம் திரும்பி வரலை. அந்தப் பொண்ணு வாசல்லயே நிக்கிறா. பாடுறா, அழுவுறா, மறுபடி பாடுறா. கடைசியில அவன் வந்துட்டான். கொட்டகையே கைதட்டுது."

"நன்றாக இருந்ததா?"

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பன்னெண்டு வருசம் சோத்துக்கு என்ன பண்ணுனா? அதை ஒரு எடத்துலயும் காட்டலையே. களையெடுக்கப் போனாளா, மாடு வச்சிருந்தாளா? சேலை மட்டும் புதுசாவே இருக்கு."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சற்றுத் தூரம் போனபின், அவள் ஏன் திருச்சிக்குப் போனாள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரவுக மலேயாவுல ரப்பர் தோட்டத்துல. ஜப்பான்காரன் பூந்ததுலேர்ந்து சேதி இல்லை. சேதி சொல்ற ஆபீசு இருக்குன்னாக. போனேன். ஆபீசுல இருந்தவரு, வீட்டு ஆம்பளையை அனுப்பும்மான்னு சொன்னாரு." மாட்டைத் தட்டிக்கொடுத்தாள். "அந்த ஆம்பளையைத்தானே தேடிக்கிட்டு வந்திருக்கேன்னேன். அவருக்கு வெளங்கலை. நாளைக்கு வா, நாளைக்கு வான்னாக. அப்படியே ஒரு வாரம் ஓடிருச்சு. அதுல ஒரு நாளு டாக்கிக்குப் போயிட்டேன்."

நான் துணியை மறுபடி நனைத்துப் போட்டேன். வசந்தா நடுநடுவே யாரையோ வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்துக்குப் புதுக்கோட்டை வந்துவிட்டோம். நேர் நேரான அகலத் தெருக்கள், சென்னையைவிடச் சுத்தம். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கூட வந்த ஆண் துணை யாரு?" என்றார்.

கருப்பாயி தடியைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தாள். "இந்தா, இவருதான். எங்க ஊரு அம்பலம்."

குமாஸ்தா தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து டாக்டர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். நரைத்த தலை, கண்டிப்பான முகம். வண்டியில் ஏறி, வசந்தாவின் வயிற்றில் கை வைத்து, நாடி பிடித்து, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். "ஸ்டிரெச்சர்" என்றார். பிறகு குமாஸ்தாவிடம், "அந்தத் தடி என்ன பதில் சொல்லுதோ அதை எழுதிக்குங்க" என்றார்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. வராந்தாவில் ஒரு தூண் இருந்தது. அதன் சுண்ணாம்பில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பாயி எங்கிருந்தோ இட்லி வாங்கிவந்து வைத்தாள். அவளே எடுத்தும் போய்விட்டாள்.

சனிக்கிழமை இரத்தம் நின்றது. டாக்டர் அம்மாள் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

"டைபாய்டு, மூன்றாவது வாரம். குடல் ஓட்டையாகிற கட்டம். இன்னும் ஒரு நாள் அங்கேயே வைத்திருந்தால் இங்கே கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. யார் கிளம்பச் சொன்னது?"

"நான்தான்."

"ம்" என்றார். எழுந்து போகும்போது தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜுரம் இறங்கியது. வசந்தா கண்ணைத் திறந்து என்னை நிதானமாகப் பார்த்தாள். "எப்பம்மா வந்தே?" என்றாள். பிறகு, "எனக்கு மீன் குழம்பு வேணும்" என்றாள். பார்லித் தண்ணீர்தான் என்று டாக்டர் அம்மாள் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கோபத்தைப் பார்த்து நான் வராந்தாவுக்கு வந்து, அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பக்கத்தில் இருந்த பெண்கள் என் மகள் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். மீன் குழம்பு கேட்கிறாள் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றைக்கே கருப்பாயி ஊர் திரும்பினாள். தடியைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தனுப்பினேன். திருச்சி ஆபீசுக்கு அவளுக்காக நானே ஆங்கிலத்தில் எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க. பதிலை என் பேருக்கு வரச் சொல்லுங்க" என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணி இருக்கும். வசந்தா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு சமஸ்தான போலீஸ்காரரும் அவருக்குப் பின்னால் நடராஜனும் வந்தார்கள். வெள்ளைச் சட்டை பழுப்பாகியிருந்தது. தாடி வளர்ந்து, கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. துணையில்லாத பெண் வேறு எங்கே போவாள், நிச்சயம் வீட்டுக்குத்தான் திரும்பியிருப்பாள் என்று அவர் விராலிமலையிலிருந்து நேரே திருச்சிக்குப் போயிருக்கிறார். ஸ்டேஷனில் பெண்கள் தங்கும் அறை, சத்திரங்கள், கோயில்கள், ஒன்று விடாமல் என்னைத் தேடியிருக்கிறார். கடைசியில்தான் வசந்தாவின் ஊர் நினைவு வந்ததாம். அங்கே போய், அம்பலக்காரர் சொல்லி இங்கே வந்திருக்கிறார்.

"காணாமப் போனது இந்தம்மாதானா, பாத்துச் சொல்லுங்க" என்றார் போலீஸ்காரர்.

நடராஜன் என்னைப் பார்த்தார். வசந்தாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, உங்களைத் தொலைச்சிட்டேன்னு அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன். உடனே லீவு கொடுத்துட்டாங்களாம். சாயங்காலம் வந்துடுவார்."